ரூமில் கேபிள் இல்லை... சாம்பியன்ஸ் லீக் பார்ப்பது எப்படி? பென்னலூர் ஷிப்ட் ஊழியர்களுக்கு ஒரு முழுக் கணக்கு

"மச்சி, செவ்வாய்க்கிழமை நைட் மேட்ச்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வருகிறது. செவ்வாய் இரவு சாப்பிட்டுவிட்டு போனைத் திறந்தால் மேட்ச் இல்லை. 12.30 மணி வரை முழித்திருந்தால்தான் பந்து உருளும். அப்போது காலண்டரில் புதன்கிழமை பிறந்திருக்கும். காலை 6 மணி ஷிப்ட் என்றால் நாலரைக்கே எழ வேண்டும். பாதி மேட்சிலேயே அன்றைய டேட்டாவும் தீர்ந்துவிட்டால், மிச்சம் இருப்பது குரூப்பில் வரும் ஸ்கோர் மட்டும்தான்.

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் கால்பந்து ரசிகர்களுக்கு இது பழகிப்போன கதை. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2005 முதல் 2015 வரை செல்சி அணியின் ஜெர்சியில் பெரிதாக இருந்த பெயர் சாம்சங். அந்த நிறுவனத்தின் ஆலை ஸ்ரீபெரும்புதூர் அருகே இருக்கிறது, அங்கே டிவியும் தயாராகிறது. 2013 முதல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஸ்பான்சர்களில் ஒன்றான அப்போலோ டயர்ஸுக்கு ஒரகடத்தில் ஆலை உண்டு. 2014 முதல் சில ஆண்டுகள் சாம்பியன்ஸ் லீகின் ஸ்பான்சராக இருந்த நிசானின் கார்களும் ஒரகடத்தில் இருந்துதான் வெளியே வந்தன. ஐரோப்பிய கால்பந்துக்குக் காசு கொடுத்த கம்பெனிகளின் தொழிற்பேட்டையில், அந்த மேட்சைப் பார்க்க வழி தேடுபவர்கள் ஏராளம்.

கேபிள் கனெக்‌ஷன் இல்லாமல் சர்வதேச கிளப் போட்டிகளைப் பார்க்க முடியுமா? முடியும். எங்கே, எவ்வளவு செலவில், எந்த ஷிப்டில், எதைத் தொடவே கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் ரூமில் கேபிள் இல்லை?

காரணம் காசு மட்டும் இல்லை. கேபிளோ டிடிஎச்சோ, செட்டாப் பாக்ஸ் ஒரு முகவரியோடு கட்டப்பட்டது. நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூமில் ஆறு மாதத்தில் இரண்டு பேர் மாறிவிடுவார்கள். கான்ட்ராக்ட் முடிந்தால் ரூமே மாறும். மொட்டை மாடியில் டிஷ் வைக்க வீட்டு ஓனர் சம்மதிக்க வேண்டும். கனெக்‌ஷன் யார் பெயரில் என்பதிலேயே பேச்சு நின்றுவிடும்.

இன்னொரு காரணம் சேனல் விலை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் விதிப்படி, முதல் 100 சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயும் ஜிஎஸ்டியும். கட்டணச் சேனல்களுக்கு அதற்கு மேல் தனியாகக் கட்ட வேண்டும். ஸ்போர்ட்ஸ் சேனல்கள் இந்தக் கட்டண வகையில்தான் வருகின்றன. அடிப்படைக் கட்டண விதிகள் அதன் பிறகு பலமுறை மாறிவிட்டன. ஆனால் "கேபிள் இருந்தால் எல்லா மேட்சும் வரும்" என்ற காலம் அப்போதே முடிந்துவிட்டது.

ஆக, கேபிள் இல்லாதவர் பெரிதாக எதையும் இழக்கவில்லை. கேபிளில் ஸ்போர்ட்ஸ் பேக் போடுபவருக்கும் ஓடிடியில் சந்தா கட்டுபவருக்கும் ஒரே நிறுவனத்தின் ஒளிபரப்புதான் கிடைக்கிறது, வழி மட்டும்தான் வேறு.

எந்தப் போட்டி எங்கே வருகிறது?

ஒரே ஆப்பில் எல்லாம் வருவதில்லை. முதல் குழப்பமே இங்கேதான். ஒவ்வொரு போட்டியின் ஒளிபரப்பு உரிமையும் நாடு வாரியாக, சில ஆண்டுகளுக்கு என்று விற்கப்படுகிறது. அதனால் போன வருஷம் பார்த்த ஆப்பில் இந்த வருஷமும் வரும் என்று நம்ப முடியாது.

* யூஇஎஃப்ஏ சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், கான்ஃபரன்ஸ் லீக்: 2024-25 முதல் 2026-27 வரையிலான மூன்று சீசன்களுக்கு இந்திய உரிமை சோனியிடம். டிவியில் சோனி ஸ்போர்ட்ஸ் சேனல்கள், போனில் சோனி லிவ்.
* ஆசிய கிளப் போட்டிகள்: ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் டூ ஆட்டங்களை 2025-26 சீசனில் ஃபேன்கோட் ஆப் ஒளிபரப்பியது. எஃப்சி கோவா, சவுதியின் அல் நசர் அணியை ஃபதோர்டா மைதானத்தில் 2025 அக்டோபர் 22 அன்று சந்தித்தது இந்தப் போட்டியில்தான். ரொனால்டோ வரவில்லை. அல் நசர் 2-1 என வென்றது.
* ஃபிஃபா கிளப் உலகக் கோப்பை: 2025 ஜூன் 14 முதல் ஜூலை 13 வரை அமெரிக்காவில் நடந்தது. 32 அணிகள், 63 ஆட்டங்கள். டாஸ்ன் ஆப் எல்லா ஆட்டங்களையும் இலவசமாகக் காட்டியது. இறுதியில் செல்சி 3-0 என பிஎஸ்ஜியை வீழ்த்தியது. அடுத்த பதிப்பு 2029 இல்.
* இங்கிலாந்து பிரீமியர் லீக்: இது ஒரு நாட்டின் லீக்தான், சர்வதேசப் போட்டி இல்லை. ஆனால் பலரும் இதையும் சேர்த்தே தேடுவார்கள். டிவியில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ், போனில் ஜியோஹாட்ஸ்டார்.

எனவே "சாம்பியன்ஸ் லீகும் வேணும், பிரீமியர் லீகும் வேணும்" என்றால் குறைந்தது இரண்டு சந்தா. முதலில் எந்தக் கோப்பை முக்கியம் என்று முடிவு செய்துவிட்டால் பாதிச் செலவு குறைந்துவிடும்.

டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வராதா?

இது நியாயமான கேள்வி. கிரிக்கெட் மேட்ச் தூர்தர்ஷனில் வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் 2007 இல் வந்த ஒரு சட்டம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று மத்திய அரசு அறிவிக்கும் விளையாட்டுப் போட்டிகளின் சிக்னலை, உரிமை வாங்கிய தனியார் நிறுவனம் பிரசார் பாரதியுடன் பகிர்ந்தே ஆக வேண்டும். இந்திய அணியின் முக்கிய கிரிக்கெட் ஆட்டங்கள், ஒலிம்பிக், கால்பந்து உலகக் கோப்பையின் முக்கிய ஆட்டங்கள் போன்றவை இந்தப் பட்டியலில் வரும்.

ஐரோப்பிய கிளப் போட்டிகள் இந்தப் பட்டியலில் இல்லை. ரியல் மாட்ரிட்டும் பேயர்ன் மியூனிக்கும் மோதுவது இந்திய தேசிய முக்கியத்துவம் ஆகாது என்பதுதான் சட்டத்தின் கணக்கு. அதனால் டிடி ஃப்ரீ டிஷ்ஷில் மாதச் சந்தா இல்லை என்பது உண்மைதான். ஆனால் சாம்பியன்ஸ் லீகுக்காக அதை வாங்கினால் ஏமாற்றம்தான். "இந்த டிஷ்ல எல்லா ஸ்போர்ட்ஸும் ஃப்ரீ ப்ரோ" என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

அப்புறம் எப்படி சில நேரம் இலவசமாக வந்தது?

வந்தது, உண்மைதான். 2018 முதல் மூன்று சீசன்களுக்கு ஸ்பெயினின் லா லிகா ஆட்டங்களை இந்தியாவில் ஃபேஸ்புக் இலவசமாகக் காட்டியது. 2021-22 சீசனில் மகளிர் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் அனைத்தும் டாஸ்னின் யூடியூப் சேனலில் நேரலையாக வந்தன. 2022 கத்தார் உலகக் கோப்பையை ஜியோசினிமா இலவசமாகக் கொடுத்தது. 2025 இல் கிளப் உலகக் கோப்பை.

இந்த நான்கிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. புதிதாக ஒரு ஆப்பையோ தளத்தையோ மக்கள் கையில் சேர்ப்பதற்காகக் கொடுத்த இலவசம் அது. ஆள் சேர்ந்ததும் கட்டணம் வரும், அல்லது ஒப்பந்தம் முடிந்ததும் நிறுத்தப்படும். லா லிகா ஃபேஸ்புக்கை விட்டுப் போனது. ஜியோசினிமா 2025 பிப்ரவரி 14 அன்று ஹாட்ஸ்டாருடன் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது. மாதச் செலவு போடும்போது இலவசத்தைக் கணக்கில் வைக்கக் கூடாது. வந்தால் லாபம்.

எப்போதும் காசில்லாமல் கிடைப்பது ஹைலைட்ஸ். யூஇஎஃப்ஏவின் சொந்தத் தளமான யூஇஎஃப்ஏ.டிவியிலும், அதிகாரப்பூர்வ யூடியூப் சேனல்களிலும் சில நிமிட வீடியோக்கள் வரும். தூக்கத்தைக் கெடுக்காமல் காலையில் கம்பெனி பஸ்ஸில் பார்த்துவிடலாம்.

மாதம் எவ்வளவு ஆகும்?

சோனி லிவ்வை எடுத்துக்கொள்வோம். 2025 இல் அதன் பிரீமியம் சந்தா மாதம் 399 ரூபாய், ஆண்டுக்கு 1,499 ரூபாய். மொபைலில் மட்டும் பார்க்கும் ஆண்டுத் திட்டம் 699 ரூபாய். இந்த விலைகள் அடிக்கடி மாறுபவை. எனவே பணம் கட்டும் முன் ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் கணக்குப் போடும் விதம் மாறாது.

சாம்பியன்ஸ் லீக் சீசன் செப்டம்பரில் தொடங்கி மே இறுதியில் முடிகிறது. ஒன்பது மாதமும் மாதச் சந்தா கட்டினால் 3,591 ரூபாய். அதுவே ஆண்டுச் சந்தா என்றால் 1,499. நாலு மாதம் மாதச் சந்தா கட்டினாலே 1,596 ரூபாய் ஆகிவிடும். அதாவது நாலு மாதத்துக்கு மேல் பார்ப்பவருக்கு ஆண்டுச் சந்தாதான் லாபம். காலிறுதியிலிருந்து மட்டும் பார்த்தால் போதும் என்பவருக்கு ஏப்ரல், மே இரண்டு மாதம், 798 ரூபாய்.

நாலு பேர் ரூமில் ஆண்டுச் சந்தாவைப் பங்கு போட்டால் ஆளுக்கு சுமார் 375 ரூபாய். மாதத்துக்கு 31 ரூபாய். டீ, வடை செலவுதான்.

இரண்டு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். மொபைல் மட்டும் என்ற திட்டம் மலிவு, ஆனால் அதை டிவியில் போட்டுப் பார்க்க முடியாது. அது தனியாகப் பார்ப்பவருக்கான திட்டம். அடுத்தது, ஒரே நேரத்தில் எத்தனை ஸ்க்ரீன் ஓடும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். ரூமில் ஒரு ஸ்மார்ட் டிவியோ, எச்டிஎம்ஐ கேபிள் போட்ட ஒரு பழைய மானிட்டரும் லேப்டாப்பும் இருந்தாலோ ஒரே ஸ்க்ரீன் போதும்.

ரீசார்ஜ் பேக்கிலேயே ஓடிடி சேர்ந்து வருவதும் உண்டு. ஏர்டெல்லின் எக்ஸ்ட்ரீம் ப்ளே தொகுப்பில் சோனி லிவ்வும் இருக்கிறது. ஏற்கெனவே போட்டிருக்கும் பேக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே தனியாகச் சந்தா கட்டுபவர்கள் பலர். முதலில் அதைப் பாருங்கள். தொகுப்பில் நேரலை விளையாட்டும் சேருமா, மொபைலில் மட்டும்தானா என்பதையும் அங்கேயே படித்துக்கொள்ளலாம்.

சந்தாவை விட டேட்டாதான் பெரிய செலவு

வீடியோ எவ்வளவு டேட்டா தின்னும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ மணிக்கு 0.45 ஜிபி எடுக்கும். இதை வைத்து, இடைவேளையும் சேர்த்து இரண்டு மணி நேர மேட்சுக்குத் தோராயமாக:

* 480பி தரம் (1 எம்பிபிஎஸ் அளவு): 0.9 ஜிபி
* 720பி தரம் (2.5 எம்பிபிஎஸ் அளவு): 2.25 ஜிபி
* 1080பி தரம் (5 எம்பிபிஎஸ் அளவு): 4.5 ஜிபி

தினம் 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவர் ஆப்பில் தரத்தை "ஆட்டோ"வில் விட்டுவிட்டால், இரண்டாம் பாதியில் பந்து சுற்ற வேண்டிய இடத்தில் லோடிங் வட்டம் சுற்றும். தரத்தை 480பி என்று கையால் மாற்றி வைத்தால் முழு மேட்சும் முடியும். ஆறு இன்ச் ஸ்க்ரீனில் அது மோசமாகவும் தெரியாது.

இன்னொரு கண்ணி நள்ளிரவில் இருக்கிறது. தினசரி டேட்டா இரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும். 12.30 மேட்ச் பார்ப்பவர் அடுத்த நாளின் டேட்டாவைத்தான் செலவழிக்கிறார். மேட்ச் தடையில்லாமல் ஓடும். ஆனால் விடிந்ததும் யூபிஐயில் டீக்குக் காசு அனுப்பக்கூட நெட் திணறும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, 5ஜி. 2024 ஜூலையில் ரீசார்ஜ் கட்டணங்கள் உயர்ந்த பிறகு, தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பேக்குகளில்தான் அன்லிமிடெட் 5ஜி என்று ஜியோவும் ஏர்டெல்லும் மாற்றின. 5ஜி போன் வைத்திருந்து, ரூமுக்குள் 5ஜி சிக்னலும் இருந்தால், 1.5 ஜிபி பேக்கிலிருந்து 2 ஜிபி பேக்குக்கு மாறுவது தனியாக டேட்டா வவுச்சர் போடுவதை விட லாபம். சிக்னல் ரூமுக்குள் இருக்கிறதா என்பதை ரீசார்ஜுக்கு முன்பே பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் 5ஜி, கட்டிலில் 4ஜி என்றால் பயனில்லை.

இரண்டாவது, இரவு டேட்டா. வி நிறுவனத்தின் சில ப்ரீபெய்டு பேக்குகளில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை டேட்டா கணக்கில் சேராது என்ற சலுகை இருந்து வருகிறது. ஐரோப்பிய மேட்ச் பார்ப்பவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான சலுகை இது.

மூன்றாவது, நாலு பேர் சேர்ந்து ஒரு ஃபைபர் கனெக்‌ஷன். ஜியோஃபைபரின் 30 எம்பிபிஎஸ் திட்டம் மாதம் 399 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 471 ரூபாய், ஆளுக்கு 118 ரூபாய். 1080பியில் பார்த்தாலும் கவலை இல்லை, ஊருக்கு வீடியோ கால் பேசவும் அதே லைன். ஓனர் சம்மதமும், ஒருவர் பெயரில் ஆதாரமும் மட்டும் தேவை.

மேட்ச் எப்போது? எந்த ஷிப்டுக்கு எது செட் ஆகும்?

சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் மத்திய ஐரோப்பிய நேரப்படி மாலை 6.45, இரவு 9 என இரண்டு நேரங்களில் தொடங்குகின்றன. ஐரோப்பாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள். அதனால் நமக்கு இரண்டு நேரக் கணக்கு வருகிறது.

* மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை: இரவு 10.15, நள்ளிரவு 12.30
* அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை: இரவு 11.15, நள்ளிரவு 1.30

"செவ்வாய் மேட்ச்" என்று போட்டிருந்து நேரம் நள்ளிரவைத் தாண்டியிருந்தால், இந்தியாவில் அது புதன். புதன் மேட்ச் என்றால் வியாழன். வியாழக்கிழமை யூரோப்பா லீகின் இரண்டாவது ஆட்டம் வெள்ளி அதிகாலை. அலாரம் வைக்கும்போது இந்தத் தேதியைச் சரியாகப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இனி ஷிப்ட். ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறினாலும், காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என்ற மூன்று ஷிப்டை வைத்துப் பார்ப்போம்.

காலை ஷிப்ட் வாரம்: பஸ் பிடிக்க நாலரைக்கு எழ வேண்டும். 12.30 மேட்ச் முடிய இரண்டரை ஆகும். மிஞ்சும் தூக்கம் இரண்டு மணி நேரம். 1.30 மேட்ச் என்றால் மூன்றரை, அதாவது ஒரு மணி நேரம். அந்தக் கண்ணோடு பிரஸ் மெஷின் முன்போ, ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையிலோ, அதிகாலை ஹைவேயில் பைக்கிலோ போவது விளையாட்டு இல்லை. இந்த வாரம் கோடை நேர 10.15 மேட்சின் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை ஹைலைட்ஸில் பார்ப்பதுதான் சரி.

மதிய ஷிப்ட் வாரம்: இதுதான் கால்பந்து வாரம். 10 மணிக்கு ஷிப்ட் முடிந்து, 11 மணிக்குள் ரூமுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் 12.30 மேட்ச். முடிந்ததும் படுத்தால் காலை பத்து வரை தூங்கலாம். குளிர்கால 1.30 மேட்சும் இந்த வாரத்தில் கைக்கு எட்டும்.

இரவு ஷிப்ட் வாரம்: நேரலைக்கு வாய்ப்பில்லை. பல ஆலைகளில் கேமரா போன் உள்ளே அனுமதி இல்லை. காலையில் வந்ததும் ஆப்பில் முழு மேட்ச் ரீப்ளே இருக்கிறதா என்று பார்க்கலாம். அதுவரை வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்து, இன்ஸ்டாவைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

2024-25 முதல் சாம்பியன்ஸ் லீகில் 36 அணிகள். லீக் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் எட்டு ஆட்டம் என 144, அதன் பிறகு நாக்அவுட்டில் 45, மொத்தம் 189 ஆட்டங்கள். ஆனால் வாரக் கணக்கில் பார்த்தால் சுமார் 17 வாரங்களில்தான் இவை நடக்கின்றன. மூன்றில் ஒரு வாரம் மதிய ஷிப்ட் என்றால், ஐந்தாறு வாரம் நிம்மதியாகப் பார்க்கலாம். சீசன் தொடங்கும்போதே ஷிப்ட் ரோஸ்டரையும் மேட்ச் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆண்டுச் சந்தாவா இரண்டு மாதச் சந்தாவா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

டெலிகிராம் லிங்க், ஏபிகே ஃபைல்: காசில்லாத வழியின் விலை

"ஃப்ரீ லைவ் லிங்க்" என்று மேட்சுக்குப் பத்து நிமிடம் முன்பு குரூப்பில் வரும். சிலது பிரவுசரில் திறக்கும். சிலது ஒரு ஏபிகே ஃபைலை இறக்கச் சொல்லும். ஆபத்து இந்த இரண்டாவது வகையில் அதிகம்.

ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப் இறக்கும்போது, போனின் பாதுகாப்புப் பூட்டை நாமே திறந்துவிடுகிறோம். மேட்ச் காட்டும் ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கு? அக்சஸிபிலிட்டி அனுமதி எதற்கு? முதலாவது கிடைத்தால் வங்கி அனுப்பும் ஓடிபியை அந்த ஆப் படிக்கும். இரண்டாவது கிடைத்தால் ஸ்க்ரீனில் நாம் தட்டுவதையே பார்க்கும். சம்பளம் வரும் கணக்கும் யூபிஐயும் அதே போனில்தான் இருக்கிறது. 399 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மாதச் சம்பளத்தையே பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை.

பிரவுசரில் திறக்கும் தளங்களில் மேட்சுக்கு மேலேயே பெட்டிங் விளம்பரம் மிதக்கும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்கிறது. "முதல் பெட் ஃப்ரீ" என்று வருவதைத் தொட்டால், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க ஆளே இருக்காது.

ஏற்கெனவே அப்படி ஒரு ஆப் இறக்கியிருந்தால்? முதலில் நெட்டை ஆஃப் செய்து ஆப்பை நீக்கவும். வேறொரு போனிலிருந்து வங்கிக் கணக்கு, யூபிஐ பின், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றவும். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்கவும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்கு முன் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். "மேட்ச் லிங்க்ல மாட்டிக்கிட்டேன்னு சொல்ல வெட்கமா இருக்கு" என்று இரண்டு நாள் தள்ளிப்போடுவதுதான் பெரிய நஷ்டம்.

விபிஎன் போட்டு வேறு நாட்டு இலவச ஒளிபரப்பைப் பார்ப்பதும் சிலர் சொல்லும் வழி. அது அந்தத் தளங்களின் விதிகளுக்கு எதிரானது, பாதி மேட்சில் கணக்கு முடங்கலாம். அதுவும் இலவச விபிஎன் என்றால், போனின் மொத்த நெட் போக்குவரத்தும் முகம் தெரியாத ஒருவர் கை வழியாகப் போகிறது.

நண்பர்களோடு சேர்ந்து பார்த்தால் தப்பா?

ரூமில் நாலு பேர் சேர்ந்து பார்ப்பது பிரச்சினை இல்லை. ஆனால் ஓடிடி சந்தா எல்லாமே தனிப்பட்ட, வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குத்தான். இறுதிப்போட்டியன்று ப்ரொஜெக்டர் வைத்து, "ஆளுக்கு 50 ரூபாய்" என்று வசூலித்தால் கதை மாறுகிறது. காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு ஒளிபரப்பைக் காட்டுவது, ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவது என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 37வது பிரிவு சொல்கிறது. சந்தாவை ரூமுக்குள் பங்கு போடுவதும், வாசலில் டிக்கெட் போடுவதும் ஒன்றல்ல.

ஒரு நல்ல செய்தி

2025 இறுதிப்போட்டி, மியூனிக்கில் பிஎஸ்ஜி 5-0 என இன்டர் மிலனை நொறுக்கிய ஆட்டம், இந்திய நேரப்படி ஜூன் 1 அதிகாலை 12.30 மணிக்குத்தான் தொடங்கியது. 2026 இறுதிப்போட்டியிலிருந்து தொடக்க நேரத்தை மத்திய ஐரோப்பிய நேரப்படி மாலை 6 மணி என்று யூஇஎஃப்ஏ முன்னால் கொண்டுவந்தது. மைதானத்துக்கு வருபவர்கள் இரவில் வீடு திரும்ப வண்டி கிடைக்க வேண்டும், குழந்தைகளும் பார்க்க வேண்டும் என்பதற்காக எடுத்த முடிவு அது. மே மாதத்தில் அந்த 6 மணி, நமக்கு இரவு 9.30.

இறுதிப்போட்டி நடப்பது சனிக்கிழமை. எக்ஸ்ட்ரா டைம், பெனால்ட்டி வரை போனாலும் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். காலை ஷிப்ட் முடித்து வந்தவர் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தே முழு மேட்சையும் பார்க்கலாம். மதிய ஷிப்டில் இருப்பவருக்குத்தான் சிக்கல். அவர் பஸ் ஏறும்போது ஆட்டம் இடைவேளையை நெருங்கியிருக்கும். ரோஸ்டர் போடும் முன்பே சூப்பர்வைசரிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்க, நல்லவேளையாக, இறுதிப்போட்டித் தேதி பல மாதம் முன்பே தெரிந்துவிடுகிறது.